அயல்நாட்டு ஆட்சி மாற்றமும் நம் நாளிதழ்களும்

காரைக்குடி வாசகர் (கேள்வி):
எங்கள் உறவினர் பலர் கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் குடியிருப்பதால், மலேசியாவில் பிரதமர் மாறும்போதெல்லாம் தமிழ் நாளிதழ்களின் வெளிநாட்டுப் பக்கத்தைத்தான் முதலில் பிரிக்கிறேன். 2020 மார்ச்சில் முகைதின் யாசின், 2021 ஆகஸ்டில் இஸ்மாயில் சப்ரி, 2022 நவம்பரில் அன்வார் இப்ராகிம் என்று அடுத்தடுத்து வந்தபோது பதவியேற்புப் படமும் வாழ்த்துச் செய்தியும் கிடைத்தன. முதல் இருவரும் பொதுத்தேர்தல் நடக்காமலே எப்படிப் பிரதமரானார்கள் என்பது மட்டும் விளங்கவில்லை. செய்தி இவ்வளவு மெலிந்து வருவது ஏன்?

தேவகோட்டை, ஓய்வுபெற்ற நாளிதழ்த் துணையாசிரியர்:
ஐயா, பெரும்பாலான வெளிநாட்டுச் செய்திகள் ராய்ட்டர்ஸ், பி.டி.ஐ. போன்ற முகமைகளிடமிருந்து ஆங்கிலத்தில் வருகின்றன. அவற்றில் புதிய தகவல் முதலிலும் பின்னணி கடைசியிலும் இருக்கும். இரவில் மொழிபெயர்ப்பவர் பக்கத்தில் இடம் போதாதபோது அடியிலிருந்துதான் வெட்டுவார். மக்களவையில் பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று தாம் கருதும் உறுப்பினரை மாமன்னர் பிரதமராக நியமிக்கலாம் என்கிறது மலேசிய அரசமைப்பின் 43ஆம் பிரிவு. உங்கள் ஐயத்துக்கு விடை அதுதான், வெட்டுப்படுவதும் அதுதான்.

பள்ளத்தூர் ஆசிரியை:
இடமில்லை என்பதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. 2022 அக்டோபரில் ரிஷி சுனக் பிரிட்டனின் பிரதமரானபோது அவருடைய மாமனார் வீட்டுக் கதை வரைக்கும் இடம் கிடைத்ததே! அதே ஆண்டு ஜூலையில், கொழும்பு அதிபர் மாளிகையின் நீச்சல் குளத்தில் மக்கள் இறங்கிக் குளித்த படங்கள் எல்லாப் பக்கங்களையும் நிறைத்தன. ஆனால் 225 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் தம் கட்சிக்கு ஒரே இடம் வைத்திருந்த ரணில் விக்ரமசிங்க, ராஜபக்சக்களின் கட்சி ஆதரவுடன் 134 வாக்குகள் பெற்று அதிபரான கணக்கை விளக்க எத்தனை பேர் முனைந்தார்கள்?

கண்டனூர் வணிகர்:
இருவர் சொல்வதும் பதவியேற்பு நாளைப் பற்றியது. என் குறை அதற்குப் பிந்தைய மாதங்களைப் பற்றியது. 1962 மார்ச் 2 அன்று பர்மாவில் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அங்கே கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போயிருந்த நம்மவர்களுக்கு அதன் பொருள், 1963இல் வங்கிகளும் 1964இல் கடைகளும் அரசுடைமையானபோதுதான் முழுமையாகத் தெரிந்தது. ஆகவே பதவியேற்பன்று அரைப் பக்கம் தராவிட்டாலும் பரவாயில்லை. புதிய அரசு குடிநுழைவு விதிகளையும் வேலை அனுமதியையும் எப்படி மாற்றியது என்று ஆறு மாதம் கழித்து ஒரு பத்தி எழுதினால், பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கும் வீடுகளுக்கு உதவும்.