டைம் சிக்னேச்சர்: தாளக்குறியா, சீர்க்குறியா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கீபோர்டு பழகும் பிள்ளைகளுக்காக மேலையிசைக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஐந்து கோடுகளின் தொடக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு எண்கள் நிற்குமே, அந்த டைம் சிக்னேச்சருக்கு இன்னும் சொல் அமையவில்லை. எந்த நீளமுள்ள சுரத்தை அலகாகக் கொள்கிறோம் என்பதைக் கீழெண்ணும், ஒரு பாரில் (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியில்) அத்தகைய அலகு எத்தனை என்பதை மேலெண்ணும் சொல்கின்றன. முதல் வரைவில் ‘தாள விகிதம்’ என்று எழுதியிருந்தேன். அதன் பலனைச் சென்ற வாரம் வகுப்பில் கண்டேன். ஒரு மாணவி 6/8இன் இரண்டு எண்களையும் இரண்டால் அடித்துவிட்டு, பக்கத்தில் 3/4 என்று விடை எழுதியிருந்தாள்! இரண்டிலும் ஆறு குவேவர்கள்தாம் (முழுச் சுரத்தில் எட்டில் ஒரு பங்கு நீளமுள்ள சுரங்கள்) அடங்கும் என்றாலும், 3/4 அவற்றை இரண்டிரண்டாக மூன்று கூறாக்குகிறது. 6/8 மும்மூன்றாக இரண்டு கூறாக்குகிறது. ‘தக தக தக’ என்று தட்டுவதும் ‘தகிட தகிட’ என்று தட்டுவதும் ஒன்றாகா. விகிதம் போகட்டும், வேறு சொல் தாருங்கள்.

---

ஐயா, வணக்கம்.

‘காலக்குறி’ என்று யாரேனும் எழுதுமுன் தடுத்துவிடுகிறேன். நம் பாட்டு வகுப்பில் முதற்காலம், இரண்டாம் காலம் என்றால் வேகம் என்றே பொருள். இந்த எண்களோ வேகத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ‘முத்திரை’, ‘கையொப்பம்’ ஆகியவையும் ஆகா, ஏனெனில் சிக்னேச்சர் என்பதன் இலத்தீன் வேருக்கே குறி என்றுதான் பொருள். 4/4க்குப் பதிலாக இடும் ‘சி’ வடிவத்தைக்கூட ஓர் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து என்று பலர் நம்புகிறார்கள். அது இடைக்கால ஐரோப்பியக் குறிமுறையில் இருந்த உடைந்த வட்டம். முழு வட்டம் மும்மைப் பகுப்புக்கும் உடைந்த வட்டம் இருமைப் பகுப்புக்கும் உரியவை. ஆகவே ‘தாளக்குறி’ என்பதே போதும். பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

---

விளங்குவது போல் தோன்றும் என்பதே என் அச்சம். ஆதி தாளம் என்றவுடன் நான்கு, இரண்டு, இரண்டு என்னும் அங்கங்களும், அவற்றுக்குரிய தட்டும் விரலெண்ணிக்கையும் வீச்சும் மனத்தில் எழுகின்றன. 4/4 அந்த எட்டு அட்சர ஆவர்த்தனத்தை, அதாவது எட்டு எண்ணிக்கைத் தாளச் சுற்றைப் பற்றி ஒன்றும் அறியாது. ஒரு பாரை மட்டுமே அளக்கும். தாளம் ‘தாள்’ என்பதிலிருந்து பிறந்ததா, வடசொல்லா என்னும் பழைய வழக்கை இங்கு நான் கிளறவில்லை (தாள்தான் என்பது என் துணிபு). தாளத்தின் கால அளவுகளைக் கொட்டு அரை மாத்திரை, அசை ஒன்று, தூக்கு இரண்டு, அளவு மூன்று என்று வகுத்து வைத்த மரபு நமக்கு உண்டு. யாப்பில் அசைகள் கூடிச் சீராவது போல, பீட்டுகள் (எண்ணும் துடிப்புகள்) கூடிப் பாராகின்றன. பாரைச் ‘சீர்’ என்றும், எண்ணைச் ‘சீர்க்குறி’ என்றும் வழங்கினால் அந்த மாணவி 6/8ஐச் சுருக்க மாட்டாள், அலகிட்டுப் பார்ப்பாள்.

---

சீர்க்குறி அழகான சொல்தான். ஆனால் என் மாணவர்களுக்குச் சீர் என்றால் தேமாவும் புளிமாவும், இல்லையேல் கல்யாணச் சீர்வரிசையும்! யாப்பை முதலில் நடத்திவிட்டு இசைக்கு வர வெள்ளிக்கிழமை இடம் தராது. மடல் எழுதியவர்களுள் பெரும்பாலோர் தாளக்குறியையே ஏற்றிருப்பதால் அதையே இடுகிறேன். பாரும் பீட்டும் அப்படியே நிற்கும். ‘இது பின்னம் அன்று, சுருக்கக் கூடாது’ என்று அதனடியில் ஒரு வரியும் சேர்த்துவிட்டேன்.

---

அந்த ஒரு வரி தேவைப்படுவதே சொல் சரியில்லை என்பதற்குச் சான்று. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.