வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை, ஓட்டம் முழுக்க நகரத்துக்குள்: எந்த கார் எடுக்கலாம்?

வேளச்சேரிவாசி:
தினமும் வேளச்சேரி–கிண்டி போய்வர 14 கி.மீ., மாதம் ஒருமுறை காஞ்சிபுரம். ஆண்டுக்கு 6,000 கி.மீ. தாண்டாது. அடுக்ககத்தில் தரைத்தளப் பார்க்கிங்; அதற்கு நேர் மேலே முதல் மாடியில் குழந்தையின் அறை ஜன்னல். குழந்தைக்கு ஆஸ்துமா இருப்பதால் மைலேஜைவிட புகைதான் எனக்கு முக்கியம். கையில் இருக்கும் வாய்ப்புகள்: 2018 மாடல் டீசல் ஹேட்ச்பேக் (பிஎஸ்4, அதாவது பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதிப்படி செய்தது; செகண்ட் ஹேண்ட், நல்ல விலை), புது பெட்ரோல், கம்பெனி ஃபிட்டிங் சிஎன்ஜி. டீசல் வண்டிக்குப் புகைச் சான்றிதழ் செல்லுபடியில் இருக்கிறது. அதை நம்பி எடுக்கலாமா?

இன்ஜெக்டர்:
அந்த டீசலை விட்டுவிடுங்கள் சார். புகைச் சான்றிதழை வைத்து முடிவெடுக்க முடியாது. டீசல் வண்டிக்கு அந்தச் சோதனையில் அளப்பது புகையின் அடர்த்தியை, அதாவது அது எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பதை மட்டும்தான். பிஎஸ்4-க்கு வரம்பு 1.62, பிஎஸ்6-க்கு 0.7. நைட்ரஜன் ஆக்சைடை அங்கே யாரும் அளப்பதில்லை. மூச்சுக்குழாயை எரிச்சலூட்டுவதில் முக்கியமான வாயு அது.

கார்களுக்கான சட்ட வரம்பைப் பாருங்கள். பிஎஸ்4 டீசல் ஒரு கி.மீ.க்கு 0.25 கிராம் நைட்ரஜன் ஆக்சைடும் 0.025 கிராம் துகளும் விடலாம். பிஎஸ்6 டீசலுக்கு இவை 0.08, 0.0045. பிஎஸ்6 பெட்ரோலுக்கு நைட்ரஜன் ஆக்சைடு 0.06. உங்கள் 6,000 கி.மீ.க்குக் கணக்குப் போட்டால் பிஎஸ்4 டீசலுக்கு ஒன்றரைக் கிலோ, பிஎஸ்6 பெட்ரோலுக்கு 360 கிராம். இதெல்லாம் ஆய்வகச் சோதனைக்கான வரம்பு. நிஜச் சாலையில் பழைய டீசல்கள் இதைப் பல மடங்கு தாண்டுகின்றன என்பது ஐரோப்பியச் சோதனைகளில் தெளிவாகிவிட்டது. அதனால்தான் இங்கேயும் 2023 ஏப்ரல் முதல் சாலையில் ஓட்டியே அளக்கும் விதி வந்தது.

அப்படியானால் புது பிஎஸ்6 டீசல் எடுக்கலாமா என்றால், உங்கள் ஓட்டத்துக்கு அதுவும் வேண்டாம். அதில் துகள் வடிகட்டி, அதாவது டிபிஎஃப் இருக்கும். சேர்ந்த கரியை எரிக்க அது ஏறக்குறைய 600 டிகிரி வரை சூடாக வேண்டும்; அதற்கு 60 கி.மீ. வேகத்துக்கு மேல் 15, 20 நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். கிண்டி நெரிசலில் அது நடக்காது. எரிப்பு பாதியில் நின்றுபோனால், அதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியே எஞ்சின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போனால் காரணம் இதுதான். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் ஆயில் நீர்த்து, எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவின் பேரிங் தேய்ந்துவிடும்.

லாம்ப்டா:
டீசல் பற்றி இன்ஜெக்டர் சொன்னதே போதும். பெட்ரோலிலும் எல்லாம் ஒன்றல்ல என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் டர்போ எஞ்சின்கள் நுண்துகளை அதிகம் உண்டாக்கும். உள்ளிழுக்கும் குழாயிலேயே தெளிக்கும் சாதாரண 1.2 லிட்டர் எஞ்சினில் பெட்ரோல் காற்றோடு நன்றாகக் கலந்த பிறகே எரிவதால் அந்தத் தொல்லை குறைவு. உங்கள் தேவைக்கு டர்போ இல்லாத எஞ்சினே சரி.

சிஎன்ஜியில் துகள் மிகமிகக் குறைவு, கார்பன் டை ஆக்சைடும் குறைவு. நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் தானாகக் குறையாது. அதைக் கட்டுப்படுத்துவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்தான், அதாவது சைலன்சர் வழியில் நச்சு வாயுக்களை மாற்றும் கருவி. பல மாடல்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகிப் பிறகே கேஸுக்கு மாறும், டாடா வண்டிகள் நேராகக் கேஸிலேயே ஸ்டார்ட் ஆகும். 3 ஆண்டுக்கு ஒருமுறை கேஸ் சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட் (நீரழுத்தச் சோதனை) கட்டாயம். ஒரு நாளைக்கு 14 கி.மீ. ஓட்டத்துக்கு பங்க் வரிசையில் நிற்பது லாபமா என்பதை நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும்.

எண்ணூர்க்காற்று:
மின்சார காரை ஏன் பட்டியலிலேயே சேர்க்கவில்லை? 14 கி.மீ. ஓட்டத்துக்கு அதுதானே பொருத்தம். குழந்தையின் ஜன்னலுக்குக் கீழே புகை என்ற பேச்சே இருக்காது. பிரேக் தூளும் குறையும், வேகம் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே பார்த்துக்கொள்வதால். வண்டி கனமாக இருப்பதால் டயர் தேய்மானம் மட்டும் கொஞ்சம் கூடும்.

ஆனால் கணக்கு முழுதாக இருக்கட்டும். 100 கி.மீ.க்கு 15 யூனிட், அந்த மின்சாரத்தைத் தயாரிக்க யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால் கி.மீ.க்கு 105 கிராம். நெரிசலில் லிட்டருக்கு 13 கி.மீ. தரும் பெட்ரோல் வண்டிக்கு 178 கிராம். வித்தியாசம் உண்டு, ஆனால் பூஜ்யம் இல்லை. மின்சாரத்துக்காக நிலக்கரி எரியும் புகை, அனல்மின் நிலையங்கள் உள்ள எண்ணூர், அத்திப்பட்டு பக்கத்து மக்களின் மூச்சில் போகிறது. அடுக்ககக் கூரையில் சோலார் போட்டுப் பகலில் சார்ஜ் செய்ய வழியிருந்தால் அவசியம் செய்யுங்கள்.

வேளச்சேரிவாசி:
எங்கள் அடுக்ககத்தில் சார்ஜர் வைக்க இன்னும் ஒப்புதல் கிடைக்கவில்லை, அதனால்தான் சேர்க்கவில்லை. டீசலைக் கைவிட்டுவிட்டேன். 2021 மாடல் பெட்ரோல் ஒன்று பார்த்திருக்கிறேன், 1.2 லிட்டர், டர்போ இல்லை. புகை விஷயத்தில் அதை எப்படிச் சோதிப்பது?

இன்ஜெக்டர்:
முதலில் ஆர்சியில் பாரத் ஸ்டேஜ் 6 என்று இருக்கிறதா பாருங்கள். முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வெளிர்நீல ஸ்டிக்கரின் மேல் பச்சைப் பட்டை இருக்க வேண்டும்.

வண்டியை இரவு முழுக்க நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, காலையில் நீங்களே முதல் ஸ்டார்ட் போடுங்கள். போகும்போதே பானட் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். முதல் ஸ்டார்ட்டில் நீலப்புகை வந்தால் வால்வு சீல் வழியே ஆயில் இறங்குகிறது. அந்த ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் கன்வெர்ட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுவிடும். வெள்ளையாக வந்து சில நிமிடத்தில் மறைந்தால் அது வெறும் நீராவி.

ஓபிடி ஸ்கேனரை (வண்டியின் கணினியில் பதிவான பழுதுகளைப் படிக்கும் கருவி) மாட்டி, பழுதுக் குறியீடு இல்லை என்பதோடு நிறுத்தாமல், வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் 'ரெடினஸ்' பக்கத்தையும் பாருங்கள். கேட்டலிஸ்ட், அதாவது கன்வெர்ட்டர் சோதனை 'முடியவில்லை' என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்றுமுன் யாரோ குறியீட்டை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் 0.6, 0.7 வோல்ட் பக்கம் ஏறக்குறைய நிலையாக நிற்க வேண்டும். 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஆடிக்கொண்டே இருந்தால் கன்வெர்ட்டர் போய்விட்டது. அதன் குறியீடு பி0420. லாங் டர்ம் ஃப்யூயல் ட்ரிம், அதாவது எரிபொருள் அளவில் வண்டியே செய்துகொள்ளும் திருத்தம், கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. கடைசியாக, கன்வெர்ட்டரைக் கையால் லேசாகத் தட்டுங்கள், வண்டி ஆறிய பிறகு மட்டும். உள்ளே கடகடவென்றால் அதன் 'செங்கல்', அதாவது உள்ளிருக்கும் தேன்கூடு போன்ற பகுதி உடைந்திருக்கிறது.

லாம்ப்டா:
அந்த ஜன்னல் விஷயத்தை யாரும் தொடவில்லை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி எட்டும்வரை வேலை செய்யாது. குளிர்ந்த எஞ்சினின் முதல் ஒன்றிரண்டு நிமிடம்தான் மிக மோசமான நேரம், எஞ்சினைச் சூடாக்க நிறுத்தி வைத்தால் அந்த நேரம் முழுவதும் வண்டி உங்கள் பார்க்கிங்கிலேயே நிற்கும். 'வார்ம் அப்' என்று நிறுத்தி வைக்காதீர்கள். ஸ்டார்ட் போட்டு 20 விநாடியில் மெதுவாக நகருங்கள். சும்மா நிற்பதைவிட ஓடும்போதுதான் கன்வெர்ட்டர் சீக்கிரம் சூடாகும். சைலன்சர் குழாய் சுவரைப் பார்க்காமல் வழிப்பக்கம் திரும்பியிருக்கும்படி முன்பக்கத்தை உள்ளே விட்டு நிறுத்துங்கள். காலையில் வண்டி கிளம்பி ஐந்து நிமிடம் கழித்து அந்த ஜன்னலைத் திறந்தால் போதும்.