இரட்டைக் கதவு அலுமாரி: மேல்மூலை வெளியே நிற்கிறது, எந்தக் கொண்டி பூட்டலாம்?

கேள்வி
இடம் கொழும்பு வெள்ளவத்தை, கடற்கரைப் பக்கம். 18 மி.மீ. மெலமைன் போர்ட் அலுமாரி. இரண்டு கதவும் 7 அடி உயரம், ஒன்றரை அடி அகலம், சட்டத்துக்குள் அடங்கி மூடுபவை. நடுத்தூண் இல்லை. கதவுக்கு நாலு கிண்ணப் பிணைச்சல் (கதவின் வட்டக் குழிக்குள் பதிவது), நடுத்தட்டில் ஒரேயொரு காந்தக் கொண்டி. வலது கதவின் மேல்மூலை 5 மி.மீ. வெளியே தள்ளி நிற்கிறது. அதை இழுத்தால் இடதும் கூடவே வருகிறது. குண்டுக் கொண்டி (ஸ்பிரிங் குண்டு குழியில் விழுந்து பிடிப்பது) நல்லதா, அமுக்கித் திறக்கும் வகையா?

பதில் 1
இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். முதலில் சட்டத்தின் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கதவில் பிழை இல்லை, நிலம் சமனில்லை. பதிந்த காலின் கீழ் ஆப்பு வைத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

அளவு சரியென்றால் கதவு முறுகியிருக்கிறது. வலது கதவின் நடுப் பிணைச்சல் இரண்டையும் தளர்த்துங்கள். அடிப் பிணைச்சலை, கதவை முன்பின் நகர்த்தும் ஆழ ஸ்குரூவால் 2 மி.மீ. வெளியே எடுங்கள். மேல்மூலையை அல்ல, அதற்குக் குறுக்கே எதிரில் இருப்பதைத்தான். மேல்மூலை அதே அளவு உள்ளே போகும். பிறகு நடுவை இறுக்கலாம். இடது கதவு கூட வருவது விளிம்புகள் உரசுவதால். பிணைச்சலில் கதவை இடவலமாக நகர்த்தும் பக்க ஸ்குரூவால் இடைவெளியை 3 மி.மீ. ஆக்குங்கள்.

பதில் 2
மிச்ச 3 மி.மீற்றரைக் காந்தம் இழுக்கும், ஆனால் நடுவில் இருந்துகொண்டு இழுக்காது. மேலே ஒன்று, கீழே ஒன்று வேண்டும். அமுக்கித் திறப்பது சரிவராது: ஸ்பிரிங் உள்ள பிணைச்சல் அதை எதிர்த்து மூடும். குண்டுக் கொண்டி அழகுதான், ஆனால் மழைக்காலத்தில் கதவு ஊதி அல்லது இறங்கி ஒரு மி.மீ. விலகினாலே குண்டு குழியில் விழாது.

இடது கதவின் உட்பக்கம் மேலும் கீழும் இரண்டு அங்குலத் தாழ்ப்பாள் போட்டு அதை நிலையாக்குங்கள். அதே கதவின் பின்விளிம்பில் ஒரு பட்டி அடித்தால் வலது கதவு அதில் வந்து முட்டி நிற்கும். பட்டியை வலது கதவில் அடித்துவிட்டால் அதை முதலில் திறக்கவே முடியாது, கவனம்.

ஸ்குரூ 3.5 × 16 மி.மீ. (தடிப்பு × நீளம்), முன்துளை 2 மி.மீ. இதற்கு மேல் நீளம் வேண்டாம், மறுபக்கம் முனை தெரியும். கையால் இறுக்குங்கள், மெஷினால் இறுக்கினால் போர்ட் பொடிந்து துளை லூசாகும். அப்படி ஆனால் பசை தோய்த்த தீக்குச்சி இரண்டு செருகி, காய்ந்த பிறகு பூட்டுங்கள்.

கேட்டவர்
பிணைச்சல் சரி, மூலை உள்ளே போய்விட்டது. கடல்காற்றுக்குத் துருப்பிடிக்காமல் இருக்க, காந்தம் பிடிக்கும் தகடாகக் கதவில் 304 ரக ஸ்டெயின்லெஸ் தகடு போட்டேன். காந்தம் பிடிக்கவேயில்லை.

பதில் 2
304-இல் காந்தம் ஒட்டாது. தாழ்ப்பாளுக்கும் ஸ்குரூவுக்கும் அது நல்லது; தகட்டுக்கு, கொண்டியோடு வந்த இரும்புத் தகட்டையே போட்டு மெல்லிசாக மெழுகு தேயுங்கள். அதை முழுக்க இறுக்கவும் வேண்டாம். கொஞ்சம் ஆடினால்தான் காந்தத்தின் முகத்தில் படிந்து உட்காரும்.