மறு: மாட்டிறைச்சித் தரம் – ‘மரபணுக்குறி’க்கு மாற்றாக ‘மரபுச்சுட்டு’

குழும நண்பர்களுக்கு வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில் ‘genetic marker’ என்பதற்கு, அதாவது ஒரு மாட்டின் பண்பை முன்கூட்டியே அறியச் சோதித்துப் பார்க்கும் மரபணு வேறுபாட்டுக்கு, எந்தச் சொல்லை வைப்பது என்ற பேச்சுக்கு இது என் பதில்.

> ‘மரபணுக்குறி’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் புரிகிறது.

புரிகிறது ஐயா, ஆனால் தப்பாகப் புரிகிறது. இறைச்சி அறிவியல் வகுப்புக்கு நான் எழுதிக்கொடுத்த குறிப்பில் ‘மென்மை மரபணு’, ‘மரபணுக்குறி’ இரண்டையும் கலந்து போட்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி தாளோடு வந்தாள். “சார், அப்ப கறி ரப்பர் மாதிரி இருக்கற மாட்டுக்கு கால்பைன் மரபணுவே கிடையாதா?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் பிழையில்லை. நான் எழுதிய சொல் அப்படித்தான் சொல்கிறது.

கால்பைன் மரபணு எல்லா மாட்டுக்கும் உண்டு, 29ஆம் குரோமோசோமில். மாட்டை அறுத்தபின் இறைச்சியைக் குளிரில் பதப்படுத்தும் நாட்களில், தசைநாரின் புரதங்களை அந்த மரபணு உண்டாக்கும் கால்பைன் என்ற நொதிதான் மெல்ல மெல்ல அறுத்துவிடுகிறது, கறி மென்மையாகிறது. கால்பாஸ்டாட்டின் என்ற இன்னொரு புரதம் அதைத் தடுத்துப் பிடிக்கும். மாட்டுக்கு மாடு வேறுபடுவது கால்பைன் மரபணுவின் டி.என்.ஏ. எழுத்துகளில் சிலதான். அப்படிப்பட்ட ஒற்றை எழுத்து வேறுபாட்டைத்தான் நாம் சோதித்துப் பார்க்கிறோம். அதற்குத்தான் பெயர் தேடுகிறோம், மரபணுவுக்கு அல்ல.

> மரபணுவுக்குப் பதில் ‘மரபுக்குறி’ என்று சுருக்கினால் போதாதா?

போதாது. ‘மரபுக்குறியீடு’ ஏற்கெனவே வேறொரு பொருளில் பாடநூலில் இருக்கிறது, மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். அப்புறம், கால்நடை வகுப்பில் ‘குறி’ என்று தனியாகச் சொன்னால் மனம் உறுப்பைத்தான் நினைக்கும்.

நான் முன்வைப்பது ‘மரபுச்சுட்டு’. பள்ளி இலக்கணத்தில் அகச்சுட்டு, புறச்சுட்டு படித்திருப்போம். ‘இவன்’ என்பதில் சுட்டெழுத்தை எடுத்துவிட்டால் மிச்சத்துக்குப் பொருளில்லை, அது அகச்சுட்டு. ‘அம்மாடு’ என்பதில் ‘அ’வை எடுத்தாலும் மாடு மாடாகவே நிற்கும், அது புறச்சுட்டு. இந்தத் துறைக்கு வேண்டிய வேறுபாடு அப்படியே இதில் இருக்கிறது.

பெல்ஜியன் புளூ மாட்டைப் பாருங்கள். தொடையில் தசை இரட்டிப்பாகப் புடைத்திருக்கும். தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவில் 11 எழுத்துகள் விடுபட்டதே காரணம் என்று 1997இல் கண்டுபிடித்தார்கள். அந்த விடுபடல்தான் சுட்டு, அதுவேதான் காரணமும். இது அகச்சுட்டு.

கால்பைனில் நிலைமை வேறு. 2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 316 என்ற சுட்டை வெளியிட்டார்கள். புரதத்தின் 316ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் வந்தால் கறி மெத்தென்று இருக்கிறது, கிளைசின் என்ற அமினோ அமிலம் வந்தால் கடினமாகிறது. ஆனால் பிராமன் மாடுகளில், அதாவது நம் கிர், ஓங்கோல் வழிவந்த திமில் மாடுகளில், அந்த நல்ல வடிவம் அரிது. எல்லா மாட்டிலும் ஒரே எழுத்து இருந்தால் எதை வைத்துப் பிரிப்பது? அதனால் 2005இல் 4751 என்ற இன்னொரு சுட்டு வந்தது. அது திமில் மாடுகளிலும் கைகொடுத்தது. இத்தனைக்கும் அது இருப்பது இன்ட்ரானில். புரதம் ஆவதற்கு முன்பே வெட்டி எறியப்படும் பகுதி அது, புரதத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றுவதில்லை. அசல் புறச்சுட்டு. இதைப் போய் ‘மென்மை மரபணு’ என்று எப்படிச் சொல்வது?

> காரணமே இல்லாத ஒன்றைப் பார்த்து என்ன பயன்?

நல்ல கேள்வி அம்மா. எங்கள் ஊரில் மேய்ச்சலுக்கு விட்ட மாடு பொழுது சாய்ந்தும் வரவில்லையென்றால், அப்பா கரட்டோரம் போய் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். புதருக்குள் எங்கோ மணி கேட்கும். “செவலை அங்கதான் நிக்குது” என்பார். மணி பால் கறப்பதில்லை, ஆனால் செவலை இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும். ஒரு நாள் கயிறு அறுந்து மணி முள்ளில் மாட்டிக்கொண்டது, அன்றைக்குக் காற்றில் மணி ஆட ஆட அப்பா தவறான பக்கம் போனார். குரோமோசோமிலும் இதுதான் நடக்கிறது. சுட்டும் காரணமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் தலைமுறைதோறும் சேர்ந்தே வரும். தூரம் கூடினால் கயிறு அறுகிற வாய்ப்பும் கூடும். ஓர் இனத்தில் வேலை செய்த சுட்டு இன்னோர் இனத்தில் பொய்ப்பது பெரும்பாலும் இதனால்தான்.

ஒரு தடை எனக்கே தோன்றியது. கறியைப் பற்றிப் பேசும்போது ‘சுட்டு’ என்றால் நெருப்பில் வாட்டியது என்றாகுமே? ‘மரபு’ முன்னால் ஒட்டியிருக்கும்வரை ஆகாது. தனியே எழுத நேர்ந்தாலும் ‘மரபுச்சுட்டு’ என்று முழுதாக எழுதிவிட்டால் சரி. ‘சுட்டி’ பரிந்துரைத்த தம்பிக்கு: அது கணினிக்குப் போய்விட்டது, விட்டுவிடுவோம்.

அடுத்தது, தசைக்குள் வெள்ளை வெள்ளையாக ஓடும் கொழுப்பு. ஜப்பானிய வாக்யு மாட்டிறைச்சிக்குப் பேர் வாங்கித் தந்தது அதுதான். தைரோகுளோபுலின் மரபணுவில் இதற்கென்று ஒரு சுட்டைக் கண்டு சோதனையாகவே விற்றார்கள், ஆனால் எல்லா இனங்களிலும் அது நிற்கவில்லை. பட்டியலில் இந்தக் கொழுப்புக்கு ‘கொழுப்புவரி’ என்று இருக்கிறது. கேரளத்தில் 2016இல் பீட்சா, பர்கருக்குப் போட்டதுதான் கொழுப்பு வரி, 14.5 விழுக்காடு! ‘நிணவரி’ காதுக்கு நன்றாக இருக்கிறது, நிணம் பழஞ்சொல். ஆனால் மருத்துவத்தில் நிணநீர், நிணமுடிச்சு என்று அந்தச் சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது. ஆங்கில ‘marbling’கைப் பின்பற்றிப் ‘பளிங்கு’ என்று தொடங்கும் எதையும் எந்தக் கறிக்கடைக்காரரிடமும் சொல்ல முடியாது. எனக்குப் பிடித்தது ‘ஊடுகொழுப்பு’. தென்னைக்கு நடுவே வாழை வைத்தால் ஊடுபயிர் என்கிறோம், நாருக்கு நடுவே கொழுப்பு ஓடினால் ஊடுகொழுப்பு. போன வாரம் ஒரு கறிக்கடையில் நெஞ்சுக்கறித் துண்டைத் தூக்கிக் காட்டிச் சொல்லிப் பார்த்தேன். கடைக்காரர் கத்தியின் முனையால் அந்த வெள்ளை இழையைத் தொட்டு, “இதானே?” என்றார்.

இலங்கை நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பாடநூலில் ‘நிறமூர்த்தம்’, ‘எதிருரு’ என்று வருகிறது, இங்கே ‘குரோமோசோம்’, ‘அல்லீல்’ (ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவம்). அகச்சுட்டு, புறச்சுட்டு என்ற இலக்கணப் பெயர்கள் அங்கும் இதே பொருளில்தானே கற்பிக்கப்படுகின்றன? ஆம் என்றால் பட்டியலில் இரண்டையும் ஏற்றிவிடுகிறேன்.