திரும்பப் பெற முடியாத கையெழுத்து: பிடிஎஸ்எம் பற்றிய ஆவணப்படத்தில் சம்மதம் யார் கையில்?

அகலத்திரை எழுதியது:

பிடிஎஸ்எம் வாழ்க்கைமுறையில் இருக்கும், வயது வந்த ஐவரைப் பற்றி முழுநீள ஆவணப்படம் ஒன்றை எடுக்கவிருக்கிறேன். கட்டுதல், கட்டுண்டிருத்தல், ஆதிக்கம், பணிதல், விரும்பிக் கொடுக்கும் வலி, விரும்பிப் பெறும் வலி என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவைகூட அந்த ஒரே எழுத்துச் சுருக்கத்துக்குள் அடங்கிவிடுகின்றன. நான் பார்த்தவரை, இதைப் பற்றிய படங்கள் பெரும்பாலும் இருட்டறையும் பதற்றமூட்டும் இசையுமாகப் பார்வையாளரை மிரட்டுகின்றன; இல்லையென்றால் பட்டும் மெழுகுவத்தியுமாகக் கனவு விற்கின்றன. கண்ணியமான ஒரு படம் இவ்விரண்டையும் தவிர்க்க வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

குழப்பம் ஒப்புதல் படிவத்தில்தான் இருக்கிறது. வழக்கமான படிவத்தில், "உலகெங்கும், எல்லா ஊடகங்களிலும், காலவரையறையின்றி, திரும்பப் பெற இயலாதவாறு" என்ற வரி இருக்கும். எந்த நொடியிலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதையே முதல் விதியாகக் கொண்டு வாழ்பவர்களிடம் இந்த வரியை நீட்டிக் கையெழுத்துக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆகவே, படம் வெளியாகும் நாள்வரை, காரணம் சொல்லாமலே தங்கள் காட்சிகளை விலக்கிக்கொள்ளும் உரிமையை ஐவருக்கும் தர நினைக்கிறேன். தயாரிப்பில் பங்கேற்க முன்வந்த ஒருவர் இதைக் கேட்டதும் பின்வாங்கிவிட்டார். நான் செய்வது சரியா?

சாணைக்கல் எழுதியது:

உங்கள் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை; "கண்ணியமான" என்ற அடைமொழியைத்தான் சந்தேகிக்கிறேன். படத்தில் வருபவரின் கையிலேயே கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது விளம்பரப்படம் மட்டுமே.

செல்வாக்குள்ள ஒருவர் எல்லை மீறும்போது, "வெளியே தெரிந்தால் எல்லோருக்கும் அவப்பெயர்" என்று சொல்லி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வழக்கம் மற்றக் குழுக்களைப் போலவே இந்த வட்டங்களிலும் உண்டு. உங்கள் ஐவரில் ஒருவருடைய முன்னாள் இணையர் படப்பிடிப்பின் நடுவில் வந்து, "நான் நிறுத்தச் சொன்ன பிறகும் அவர் நிறுத்தவில்லை" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? குற்றம்சாட்டப்பட்டவர் உங்கள் படிவத்தைக் காட்டி, தன் காட்சிகளைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். புகார் சொன்னவர் இரண்டாம் முறையாக வாயடைத்துப்போவார். பெண்களைக் கொன்றவர்களில் சிலர், "இருவரும் விரும்பி ஆடிய ஆட்டம் தவறிப்போனது" என்று நீதிமன்றத்தில் வாதிட்டு வந்ததன் விளைவாகத்தான், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், பாலியல் இன்பத்துக்காகச் சம்மதித்தார் என்பது கடுமையான காயத்துக்கு எதிர்வாதம் ஆகாது என்று தனிப்பிரிவாகவே எழுதிவைத்தது. இந்தப் பக்கத்தைத் தொடாத படம் எவ்வளவு மரியாதையாக எடுக்கப்பட்டாலும் அரைப்படம்தான்.

முடிச்சு எழுதியது:

நான் பல ஆண்டுகளாகக் கயிற்றுக் கட்டுப் பழகுபவன். ஆகவே நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். சாணைக்கல் சொல்லும் மூடிமறைப்பு உண்மை. அதை மறுப்பவர் எங்களில் இருந்தால் அவரிடம் கயிற்றைக் கொடுக்காதீர்கள். ஆனால் கத்தரிக்கோல் முழுவதும் இயக்குநர் கையில் இருந்தால் உண்மை தானாக வந்துவிடும் என்று அவர் நினைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு படக்குழு எங்களைப் படம்பிடிக்க வந்தது. அன்று என் இணையரும் நானும் கயிற்றைத் தொடுவதற்கு முன் மேசையில் எதிரெதிரே அமர்ந்து ஏறக்குறைய நாற்பது நிமிடங்கள் பேசினோம். அவருடைய இடது தோள்பட்டை முன்பு ஒருமுறை நழுவியிருந்ததால், கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தும் எந்தக் கட்டும் வேண்டாம் என்று முடிவானது. மேற்கையின் பின்புறம் எலும்பை ஒட்டி ஓடும் ரேடியல் நரம்பு கயிற்றில் அழுந்தினால் மணிக்கட்டு துவண்டு தொங்கிவிடும். அது தேற வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அதனால், நான் கேட்கும்போதெல்லாம் அவர் விரல்களை விரித்து மடக்கிக் காட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். "மஞ்சள்" என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். "சிவப்பு" என்றால் அந்த நொடியே எல்லாம் நிற்க வேண்டும். பேச முடியாத நிலை வந்தால், கையில் பிடித்திருக்கும் சாவிக்கொத்தை அவர் கீழே விட்டுவிடுவார். சணல் கயிற்றை அறுக்கும் முனை மழுங்கிய கத்தரிக்கோல் என் இடுப்பில் இருந்தது. அன்று பாதியில் அவர் "மஞ்சள்" என்றார், நான் ஒரு சுற்றைத் தளர்த்தினேன், அவர் சிரித்தார். எல்லாம் முடிந்த பிறகு, ஆஃப்டர்கேர் என்று நாங்கள் சொல்கிறோமே, போர்வையும் தண்ணீருமாகப் பக்கத்தில் இருந்து ஆசுவாசப்படுத்துவது, அதுவும் அரைமணி நேரம் நடந்தது.

ஒளிபரப்பான படத்தில் அந்த நாற்பது நிமிடத்தைக் காணவில்லை, போர்வையையும் காணவில்லை. கட்டை இறுக்கும் என் கையும், "மஞ்சள்" என்ற சொல் நீக்கப்பட்டு, கண்களை மூடிய அவருடைய முகமும் அடுத்தடுத்து வந்தன. படத்தில் பொய்யான ஒரு சட்டகமும் இல்லை, ஆனால் படம் பொய். ஆகவே, விலகும் உரிமையை ஏதோ சலுகை என்று பேச வேண்டாம். எங்களுக்கு அது சாவிக்கொத்து.

வாசல்படி எழுதியது:

எனக்கு அடிப்படையிலேயே ஒரு கேள்வி இருக்கிறது. படுக்கையறைக்குள் நடப்பதை எதற்காகத் திரைக்குக் கொண்டுவர வேண்டும்? மேலும், மனநோய் என்று மருத்துவர்களே வகைப்படுத்திய ஒன்றை வாழ்க்கைமுறை என்று அழைப்பதே அதற்கு வெள்ளையடிப்பது ஆகாதா?

சாணைக்கல் எழுதியது:

நான் அகலத்திரையுடன் முரண்படுகிறேன் என்பதற்காக இதை விட்டுவிட முடியாது. உலகச் சுகாதார அமைப்பின் பழைய நோய்ப் பட்டியலில் சடோமசோகிசம், அதாவது வலி கொடுப்பதிலோ பெறுவதிலோ இன்பம் காணும் நாட்டம், இருந்தது உண்மைதான். 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் பதிப்பில், சம்மதத்துடன் நடப்பது நீக்கப்பட்டு, சம்மதமில்லாதவரைத் துன்புறுத்தும் நாட்டம் மட்டுமே கோளாறாக வைக்கப்பட்டிருக்கிறது. டென்மார்க் தன் பட்டியலிலிருந்து இதை 1995லேயே எடுத்துவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடும், ஒருவருக்குத் துயரமோ பிறருக்குத் தீங்கோ விளையாதவரை, வழக்கத்துக்கு மாறான நாட்டம் மட்டுமே நோயாகாது என்று பிரித்துவைத்தது. எண்ணிக்கை குறைவு என்பதற்காக இல்லாததுபோல் நடந்துகொள்ளவும் முடியாது; 19,307 பேரிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆஸ்திரேலிய ஆய்வில், பாலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் 1.8 விழுக்காட்டினர், முந்தைய ஓராண்டில் இதில் ஈடுபட்டதாகச் சொன்னார்கள்.

"எதற்காகத் திரையில்" என்ற கேள்விக்கு என் பதில், இது இருப்பதனால்தான். ஆனால் இருப்பதை முழுமையாகக் காட்ட வேண்டும் என்ற என் நிலையிலிருந்து நான் இறங்கவில்லை. முடிச்சு சொன்ன அநியாயத்துக்குக் காரணம் கெட்ட படத்தொகுப்பு. அதற்கு மருந்து நல்ல படத்தொகுப்பே தவிர, தடுப்பதிகாரம் அல்ல.

பட்டகம் எழுதியது:

இருவரும் வெளியாகும் படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அதைவிட, வெளியாகாத காட்சிகளைப் பற்றித்தான் கவலை.

பிரிட்டனில் 1987இல், சில ஆண்கள் தங்களுக்குள் நடந்ததைத் தாங்களே பதிவு செய்து வைத்திருந்த ஒளிநாடா ஒன்று காவல்துறையின் கைக்குப் போனது. கொடூரமான சித்திரவதை என்று நினைத்துத் தொடங்கிய விசாரணையில், எல்லோரும் சம்மதித்தே ஈடுபட்டார்கள் என்று தெரிந்த பிறகும், பதினாறு பேர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. சம்மதம் எதிர்வாதமாகாது என்று நீதிபதி சொல்லிவிட்டதால் அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 1993இல், அப்போது அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபையும் 3க்கு 2 என்ற கணக்கில் அதையே உறுதிசெய்தது. 1997இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. நண்பர்களுக்குள் பார்ப்பதற்காக வைத்திருந்த நாடாதான் அவர்களுக்கு எதிரான சாட்சியாக நின்றது. நீங்கள் எடுக்கப்போகும் நூறு மணிநேரக் காட்சிகளில் தொண்ணூற்றெட்டு மணிநேரம் வன்தட்டில் தூங்கப்போகிறது. அதை யார் வைத்திருப்பார், எப்போது அழிப்பார், நீதிமன்றம் கேட்டால் என்ன செய்வார் என்பதெல்லாம் உங்கள் படிவத்தில் இருக்கிறதா?

முகத்தை மங்கலாக்கினால் போதும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். அறிந்தவருக்கு மோதிரம் போதும், நடை போதும், சன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடம் போதும். குரலின் சுருதியை மட்டும் மாற்றினால் அதைத் திருப்பி மாற்றிக் கேட்டுவிடலாம். ஒருவருடைய பாலியல் வாழ்வு பற்றிய தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரியது என்று ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் காரணமில்லாமல் சொல்லவில்லை. வேலையையும் பிள்ளைகளின் பராமரிப்பு உரிமையையும் இதனால் இழந்தவர்கள் உண்டு.

அகலத்திரை எழுதியது:

பட்டகத்துக்கு நன்றி, வன்தட்டைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அடையாளம் மறைக்க விரும்பும் இருவரின் சொற்களை நடிகர்களைக் கொண்டு பேசவைத்து, அதைத் திரையிலேயே அறிவித்துவிடலாம் என்று இருக்கிறேன்.

சாணைக்கல் அவர்களே, கிராஃப்ட்-எபிங் என்ற மருத்துவர் 1890இல், வலி பெறுவதில் இன்பம் காண்பதைக் குறிக்க "மசோகிசம்" என்ற சொல்லை உருவாக்கியபோது, அந்தப் பெயருக்கு உரியவரான எழுத்தாளர் சாகெர்-மசோக் உயிரோடுதான் இருந்தார். 1895இல் இறக்கும்வரை, தன் குடும்பப்பெயர் நோயின் பெயராகப் புழங்குவதைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர் அவர். மருத்துவர் நேர்மையாகத்தான் எழுதினார் என்றே வைத்துக்கொள்வோம். நேர்மையானவர் என்பதற்காக இன்னொருவரின் பெயர்மீது அவருக்கு இவ்வளவு அதிகாரம் வந்துவிடுமா? நல்ல படத்தொகுப்பாளரை நம்புங்கள் என்று நீங்கள் சொல்வதும் எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

ஆனால் முன்னாள் இணையர் பற்றிய உங்கள் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. படிவத்தை இப்படித் திருத்துகிறேன்: ரஃப் கட், அதாவது படத்தின் முதல் தொகுப்பு வடிவத்தைப் பார்த்த பிறகு பதினான்கு நாட்களுக்குள், ஒருவர் தன் உடலும் தன் குரலும் வரும் காட்சிகளை விலக்கிக்கொள்ளலாம்; தன்னைப் பற்றிப் பிறர் சொன்னதை விலக்க அவருக்கு உரிமையில்லை; பெயர் குறிப்பிடப்படும் புகார் என்றால், பதில் சொல்ல அவருக்கு வாய்ப்பு மட்டும் தரப்படும். அந்தக் கெடு முடிந்தால் படம் பூட்டப்படும், அதன் பிறகு மாற்றமில்லை.

சாணைக்கல் எழுதியது:

இது முதலில் சொன்னதைவிட எவ்வளவோ மேல். தயாரிப்பாளரும் இதைக் கேட்டால் திரும்பி வரக்கூடும். இருந்தாலும் ஓர் இடம் இன்னும் உறுத்துகிறது.

உங்கள் ஐவரில், நாள் முழுவதும் ஆதிக்கமும் பணிவுமாகவே வாழும் இணையர் இருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். என்ன உடுத்துவது, எப்போது வெளியே போவது என்பதைக்கூட ஒருவர் முடிவு செய்யும் வீட்டில், மற்றவர் படிவத்தில் இடும் கையெழுத்து யாருடையது? அடுத்த அறையில் ஆதிக்கம் செலுத்துபவர் இருக்க, கேமராவைப் பார்த்து "நான் விரும்பித்தான் இருக்கிறேன்" என்று அவர் சொல்லும் வாக்கியத்தை, அச்சத்தில் வாழும் ஒருவர் சொல்லும் அதே வாக்கியத்திலிருந்து பார்வையாளர் எப்படிப் பிரித்தறிவார்? நீங்களே எப்படிப் பிரித்தறிவீர்கள்?

முடிச்சு எழுதியது:

நியாயமான கேள்வி, எங்களுக்குள்ளும் ஓயாமல் பேசப்படுவதுதான். எதை வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம், வெளியேறும் உரிமையை மட்டும் ஒப்படைக்க முடியாது என்பதே நான் பழகியவர்கள் கொண்டிருக்கும் அளவுகோல். கேமராவுக்கு முன் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் அதைச் சோதிக்கக் கேள்விகள் உண்டு. கடைசியாக எப்போது மறுத்தீர்கள், மறுத்தபோது என்ன நடந்தது, உங்கள் பணம் யார் பெயரில் இருக்கிறது, உங்கள் நண்பர்களை அவர் இல்லாமல் சந்திக்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். விரும்பி இருப்பவர் முதல் கேள்விக்கே ஒரு கதை சொல்லுவார், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே. மறுத்த நினைவே இல்லை என்பவரிடம் கேமராவை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

இதற்காக, இணையர் இருவரையும் தனித்தனியே, வேறு வேறு நாளில், வேறு வேறு இடத்தில் பேட்டி எடுக்க வேண்டும். படிவத்திலும் அப்படியே கையெழுத்து வாங்க வேண்டும். "என் சார்பில் அவரே கையெழுத்திடுவார்" என்று யாராவது சொன்னால், அது அவர்களுக்குள் விளையாட்டாகவே இருந்தாலும், நீங்கள் அந்த விளையாட்டில் இல்லை.

சாணைக்கல் எழுதியது:

அப்படியானால் இன்னொன்று. இருவரும் சேர்ந்து வரும் காட்சியில் ஒருவர் விலகி, மற்றவர் இருக்க விரும்பினால்?

முடிச்சு எழுதியது:

காட்சி போக வேண்டும். ஒருவர் "சிவப்பு" என்றால் மற்றவருடைய விருப்பத்தை நாங்கள் கேட்பதில்லை.

அகலத்திரை எழுதியது:

அந்த வரியை இன்றே படிவத்தில் சேர்க்கிறேன். இதனால் படத்தின் நடுப்பகுதி முழுவதையும் இழக்க நேரிடலாம் என்பது தெரிந்தே சேர்க்கிறேன். அப்படி இழந்தால், அந்த இடத்தில் வெறும் திரையை வைத்து, இங்கே இருந்த காட்சி விலக்கிக்கொள்ளப்பட்டது என்று மட்டும் எழுதுவேன்.

சாணைக்கல் எழுதியது:

காரணத்தையும் எழுத முடிந்தால் எழுதுங்கள் என்றுதான் முதலில் தட்டச்சு செய்தேன். காரணம் சொல்லாமல் விலகலாம் என்று நீங்கள் முதல் பதிவிலேயே சொல்லியிருப்பது நினைவுக்கு வந்ததால் அழித்துவிட்டேன். அதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை.