சட்டப்படி ரோட்டில் ஓட்டக்கூடிய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். நின்றுகொண்டு ஓட்டுகிற, மடக்கி எடுத்துப்போகக்கூடிய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்று வாங்கணும். வீட்டிலிருந்து ரயில் நிலையம் 3 கி.மீ., இறங்கினதும் ஆபீஸுக்கு 4 கி.மீ. குடியிருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. என் எடை 88 கிலோ.

இரண்டு மாடல் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது 13 கிலோ, 8.5 அங்குலம், காற்றடிக்கத் தேவையில்லாத கெட்டி டயர். 36 வோல்ட், 7.5 ஆம்ப் அவர் பேட்டரி; 30 கி.மீ. போகும் என்கிறார்கள். இரண்டாவது 19 கிலோ. 10 அங்குலக் காற்று டயர். 36 வோல்ட், 12.5 ஆம்ப் அவர், 50 கி.மீ. என்கிறார்கள். இரண்டுமே 25 கி.மீ. வேகம் போகும். ரோட்டில் ஓட்டலாமா என்று கேட்டால், "ஆப்ல 20-க்கு லாக் பண்ணிக்கலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்கிறார் கடைக்காரர்.

சில மாதத்தில் வேலை ஜெர்மனிக்கோ சிங்கப்பூருக்கோ மாறும். அங்கேயும் வீடு, ரயில், ஆபீஸ் தூரமெல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் அமையும் போலிருக்கிறது. இப்போதே வாங்கிப் பழகிவிட்டு, போகும்போது கையோடு கொண்டுபோகலாமா?

பதில் 1

கொண்டுபோக முடியாது சகோ, அந்த யோசனையை விட்டுவிடுங்கள். வோல்ட்டை ஆம்ப் அவரால் பெருக்கினால் வாட் அவர் வரும், அதாவது பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு. முதல் ஸ்கூட்டர் 270, இரண்டாவது 450. பயணிகள் விமானத்தில் 100 வாட் அவர் வரைதான் தாராளமாக விடுவார்கள். 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கைப்பையிலும் கிடையாது, செக்-இன் பெட்டியிலும் கிடையாது. பேட்டரியை மட்டும் கழற்றி எடுத்துப்போனாலும் இதே கணக்குதான். போய்ச் சேர்ந்த பிறகு அங்கேயே வாங்குங்கள்.

பதில் 2

தம்பி, நான் ஜெர்மனியில இருக்கிறன். இஞ்ச ஆப்பில 20 எண்டு வைச்சாப் போதாது. 2019 ஜூன் 15இல நடைமுறைக்கு வந்த சட்டப்படி உச்ச வேகம் 20 கிலோமீற்றர், மோட்டார் 500 வாட்டுக்குள்ள இருக்கோணும், ஒண்டில் ஒண்டு தங்காத ரெண்டு பிரேக், லைற், மணி எல்லாம் வேணும். இவ்வளவும் சரியா இருந்தாலும் அந்த மொடலுக்கு அனுமதி எடுக்காட்டி ரோட்டில ஓடேலாது. அனுமதி எடுத்த வண்டியில தயாரிப்பாளற்ற தகடு ஒண்டு இருக்கும். அதில அனுமதி இலக்கமும் உச்ச வேகமும் அடிச்சிருக்கும். விளம்பரத்தைப் பாக்காதேங்கோ, தகட்டைப் பாருங்கோ.

பிறகு காப்புறுதி ஸ்டிக்கர் எடுத்துப் பின்னால ஒட்டோணும். மார்ச் 1க்குப் புதுசு எடுக்கோணும், நிறமும் வருசா வருசம் மாறும். பழைய நிறத்தோட போனா பொலிஸ் தூரத்திலயே கண்டுபிடிச்சிடும். நடைபாதையில ஓடக் கூடாது. சைக்கிள் பாதை இருந்தா அதிலதான் போகோணும்.

இன்னொண்டு, பேட்டரி தீப்பிடிக்கும் எண்ட பயத்தில 2024இல இருந்து பெர்லின் நகரப் போக்குவரத்து நிறுவனம் பிவிஜியும் மியூனிக் நகரத்தின்ர எம்விஜியும் தங்கட ரயில், பஸ்ஸில இந்த ஸ்கூட்டரை ஏத்த விடுறதில்லை, மடக்கியிருந்தாலும்தான். நீங்கள் ரயிலை நம்பித் திட்டம் போடுறீங்கள், அதால போற நகரத்தின்ர விதியை முதல்ல பாருங்கோ.

பதில் 3

சிங்கப்பூர் பக்கக் கதை வேறு. இங்கே ஸ்கூட்டரை ரோட்டிலும் ஓட்டக் கூடாது, 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையிலும் கூடாது. சைக்கிள் பாதை மட்டும்தான். எடை 20 கிலோவைத் தாண்டக் கூடாது, அகலம் 70 செ.மீ.க்குள், வேகம் 25-க்குள் இருக்க வேண்டும். யூஎல் 2272 என்ற தீப்பாதுகாப்புச் சான்று கட்டாயம். நிலப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும், ஓட்டுபவர் தியரி தேர்வும் பாஸ் செய்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை சைக்கிள் பாதை தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீடு பிடியுங்கள். நடுவில் அறுந்தால் அந்தத் தூரம் தள்ளிக்கொண்டுதான் போகணும்.

கேட்டவர்

ரொம்ப நன்றி. விமான விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. சரி, அங்கே போய்த்தான் வாங்குகிறேன். ஆனால் 13 கிலோவா 19 கிலோவா என்ற குழப்பம் அப்படியே இருக்கிறது. இரண்டாவதில் ரேஞ்ச் அதிகம் என்பதால் மனசு அதன் பக்கம் போகிறது.

பதில் 4

கம்பெனி சொல்லும் ரேஞ்ச், எடை குறைந்த ஒருவர் சமதரையில் மெதுவாகப் போனால் கிடைப்பது. சிக்னலுக்கு சிக்னல் நின்று கிளம்பும் நகரத்தில், உங்கள் எடைக்கு, கி.மீ.க்கு 18 வாட் அவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 270-இல் 15 கி.மீ. வரும், 450-இல் 25 வரும். உங்களுக்குப் போக வர 14 கி.மீ. தேவை. புதிதாக இருக்கும்போது சின்னது தாங்கும். பேட்டரி தேய்ந்து எண்பது சதவீதத்துக்கு வந்ததும் 12 கி.மீ.தான் கிடைக்கும், வீடு வந்து சேராது. குளிர்காலத்தில் இன்னும் குறையும். ஆபீஸில் சார்ஜ் போட அனுமதிப்பார்களா என்பதையும் விசாரியுங்கள்.

அதற்காக 19 கிலோவை தினமும் மூன்று மாடி தூக்குவதா? ஸ்கூட்டரைப் பிடித்துத் தூக்கச் சரியான இடம் கிடையாது, பாரம் ஒரு பக்கமாகச் சாயும், படி திரும்புகிற இடத்தில் சக்கரம் சுவரில் இடிக்கும். கடையிலேயே மடக்கி, ஒரு கையில் தூக்கி, படி ஏறிப் பாருங்கள். என் கணிப்பில் 15, 16 கிலோவில், 36 வோல்ட் 10 ஆம்ப் அவர் பேட்டரியும் 10 அங்குலக் காற்று டயரும் உள்ளதுதான் உங்களுக்குச் சரி. அது தேய்ந்தாலும் 16 கி.மீ. தரும்.

கெட்டி டயர் வேண்டவே வேண்டாம். பஞ்சர் ஆகாதுதான், ஆனால் மழையில் ரோட்டின் வெள்ளைக் கோட்டிலும் இரும்பு மூடியிலும் வழுக்கும், ஒவ்வொரு பள்ளமும் மணிக்கட்டில் தெரியும். காற்று டயரில் பல பஞ்சர் காற்று குறைவாக ஓட்டுவதால் வருவது. பிரஷர் கேஜ் ஒன்று வாங்கி, அடிக்கடி பார்த்து அடித்துக்கொண்டால் போதும்.

பிரேக்கில் டிரம் எனக்குப் பிடிக்கும். மூடியே இருப்பதால் தண்ணீரும் சேறும் போகாது. டிஸ்க் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அவ்வப்போது சரிசெய்ய வேண்டும். மோட்டார் பிரேக்கை மட்டும் நம்பும் வண்டி வேண்டாம். ஒரு சோதனை: முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மடக்கும் இடத்தில் 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால், அதை இறுக்கித் தரச் சொல்லுங்கள். இறுக்கியும் நிற்கவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள். ஓடும்போது அந்த மூட்டு விட்டால் முகம்தான் முதலில் தரையில் படும்.

மழைக்கு, நீர்ப்பாதுகாப்புக் குறியீடு ஐபிஎக்ஸ் 4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். தேங்கிய தண்ணீருக்குள் இறக்காதீர்கள்.

பதில் 5

சார்ஜ் போடும் இடத்தையும் இப்போதே யோசியுங்கள். வீட்டை விட்டு வெளியேறும் வழியில் வைத்து, எல்லோரும் தூங்கும்போது சார்ஜ் ஏற்ற வேண்டாம். தீப்பிடித்தால் வாசல் அடைபடும். கூட வந்த சார்ஜர் தவிர வேறெதையும் செருகாதீர்கள். கீழே விழுந்து பேட்டரிப் பகுதி நசுங்கினால் சார்ஜ் போடும் முன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கேட்டவர்

புரிந்தது. ஊர் முடிவானதும் ரயில்காரர்களிடம் கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவேன். ரயிலில் ஏற்ற விடவில்லை என்றால்?

பதில் 4

அப்படியானால் ஸ்கூட்டர் வீட்டுக்கும் நிலையத்துக்கும் மட்டும்தான், ஒரு நாளைக்கு 6 கி.மீ. நிலையத்தில் பூட்டி வைக்க நல்ல இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சின்ன பேட்டரியே தாராளம், ஆனால் டயரும் பிரேக்கும் நான் சொன்னதுதான். இல்லையென்றால் அந்த 3 கி.மீ.க்கு ஒரு சைக்கிள் போதும்.