புதுப்பிப்பு: கனடாவின் ரோஜர்ஸ் முடக்கம், மேலாண்மை வலையமைப்பு பற்றி

2022 ஜூலை 8 அன்று கனடாவின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரோஜர்ஸின் வலையமைப்பு முழுவதும் விழுந்ததைப் பற்றி முன்பு எழுதிய இழையில், "முடக்கத்துக்குக் காரணமான மாற்றத்தை உடனே திருப்பிப் போடாதது ஏன்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். அதற்கான பதில் இது.

அதிகாலை 4.43க்கு ஒரு விநியோக ரவுட்டரில் (மையத்துக்குத் தகவலைக் கடத்தும் கருவி), எந்த வழித்தடத் தகவலை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் வடிகட்டிக் கொள்கை நீக்கப்பட்டது. அது தடுத்துவைத்திருந்த வழித்தடத் தகவல்கள் மொத்தமும் வலையமைப்பின் மையத்துக்குள் பாய்ந்தன. மைய ரவுட்டர்களில் அளவுக்கு மீறிய சுமைக்கான வரம்பு இல்லாததால் நினைவகமும் செயலியும் திணறி நின்றன. மொபைலும் வீட்டு இணையமும் ஒரே ஐபி மையத்தில் ஓடியதால் இரண்டும் சேர்ந்தே போயின.

பொறியாளர்கள் தொலைவிலிருந்து கருவிகளைப் பார்த்துச் சரிசெய்யப் பயன்படுத்தும் மேலாண்மை வலையமைப்பும் அதே மையத்தையே நம்பியிருந்ததுதான் மிக மோசம். பொறியாளர்களால் கருவிகளின் பிழைப் பதிவுகளைக்கூடப் பார்க்க முடியவில்லை. காரணம் தெரியவே சுமார் 14 மணி நேரம் ஆனது. கோபுரங்கள் அலைவரிசையை விடாமல் ஒலிபரப்பியதால் பல கைபேசிகள் 911 அவசர அழைப்புக்கு வேறு நிறுவனத்துக்குத் தாவவில்லை. உயிர் சம்பந்தப்பட்ட இந்தக் குறையை யாரும் சிறிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

செய்ய வேண்டியவை: மேலாண்மைக்கு வேறொரு நிறுவனத்தின் இணைப்பு, கன்சோல் சர்வருக்கு (வலையமைப்பு விழுந்தாலும் ரவுட்டர்களுக்குள் நுழைய உதவும் கருவி) தனி மின்காப்பு. பொறுப்பாளர்கள் கையில் போட்டி நிறுவனத்தின் சிம். வலையமைப்புகள் வழித்தடத் தகவலைப் பரிமாறும் நெறிமுறையான பி.ஜி.பி.யில், ஒவ்வொரு அண்டை ரவுட்டருக்கும் வழித்தட உச்சவரம்பு; அந்த வழித்தடங்களை உள்வழிநெறிமுறைக்குள் (சொந்த வலையமைப்புக்குள் வழி காட்டும் நெறிமுறை) மறுவிநியோகம் செய்யும் இடத்தில் இன்னும் கறாரான வரம்பு. மாற்றம் போடும்போது, உறுதிப்படுத்தாவிட்டால் 10 நிமிடத்தில் தானே பழைய நிலைக்குத் திரும்பும் கட்டளை. ஜூனிப்பர் நிறுவன ரவுட்டர்களில் அது இயல்பாகவே உண்டு, பயன்படுத்துங்கள்.